94 மதிப்பெண்ணும் 40 விநாடி மௌனமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் மூன்று ஆண்டு பிரெஞ்சு படித்து, எல்லா செமஸ்டரிலும் 90-க்கு மேல் வாங்கிய தன் மகளால் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேச முடியவில்லை என்று ஒரு தந்தை உங்கள் வாசகர் பக்கத்தில் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். பாடம் நடத்தியவர்களைத்தான் அவர் குறை சொல்லியிருந்தார். அது பாதி நியாயம். மீதிப் பாதி தேர்வு வைத்தவர்களுக்குப் போக வேண்டும். நான் இரண்டு வேலையும் பார்த்தவள். 26 ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்தேன். அதில் பாதிக் காலத்துக்கு மேல் வினாத்தாள் போடுவதும் விடைத்தாள் திருத்துவதும் என் தலையில்தான் இருந்தன. அதனால் இந்தக் கடிதத்தை ஒரு வாக்குமூலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மதியம் நடந்ததைச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுக்கிற நாள். தாளை வாங்கிக்கொண்டு போகுமுன் ஒவ்வொருவரும் என் மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் ஜெர்மனில் பேசிவிட்டுப் போங்கள், மதிப்பெண் எல்லாம் கிடையாது என்று சொல்லியிருந்தேன். முதலில் வந்தவன் 94 வாங்கியவன். ஜெர்மனில் பெயருக்கு முன்னால் வருகிற சில முன்னிடைச் சொற்களுக்குப் பிறகு டாட்டிவ் என்கிற வேற்றுமை வந்தே ஆகவேண்டும். மாணவர்களை வாட்டி எடுக்கிற பகுதி அது. அவன் அதில் 20 கோடிட்ட இடங்களையும் பிசகாமல் நிரப்பியிருந்தான். அவனிடம் சொன்னேன்: "ரயிலை விட்டுட்டே. அங்கே ஸ்டேஷன்ல உன் நண்பன் உனக்காக நிக்கிறான். போன் பண்ணிச் சொல்லுப்பா."

அவன் மேலே பார்த்தான். கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினான். எனக்கு எதிரே சுவர்க் கடிகாரம். 40 விநாடி ஆயிற்று. யாராவது ஒருவர் எதிரே பேசாமல் உட்கார்ந்திருக்கும்போது 40 விநாடி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் வாயைத் திறந்து, தமிழில், "மேம், ரயிலுக்கு 'டேர்' தானே? 'தாஸ்' இல்லையே?" என்றான். பெயரின் பாலைக் காட்ட அதற்கு முன்னால் ஜெர்மனில் வைக்கிற சிறு சொற்கள் இவை.

"'டேர்' தான். உனக்குத்தான் தெரியுமே?"

"தெரியும் மேம். ஆனா கன்ஃபார்ம் பண்ணிக்கிட்டுப் பேசலாம்னு..."

அடுத்து வந்தவள் 51. கோடிட்ட இடங்களில் பாதி தப்பு. அதே ரயில், அதே நண்பன். நான் கேள்வியை முடிக்குமுன் காதில் கையை வைத்துக்கொண்டாள், போனாம். "ஹலோ! இஷ் பின் ஸ்பேட். ட்ஸூக் வெக்! இஷ் நேமெ புஸ். வார்ட்டே, பிட்டெ!" தாமதம் ஆயிடுச்சு, ரயில் போயிடுச்சு, பஸ் பிடிக்கிறேன், இரு, தயவுசெய்து என்று பொருள். இலக்கணப்படி பார்த்தால் இரண்டு இடத்தில் சொல்லே விடுபட்டிருக்கிறது, ஒரு வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. ஆனால் ஸ்டேஷனில் நிற்கிற நண்பனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. 94 வாங்கியவனின் நண்பன் இன்னும் அங்கேயேதான் நிற்கிறான்.

அந்தப் பையன் சோம்பேறி இல்லை, மக்கு இல்லை. நான் எதைக் கேட்டேனோ அதை அச்சு அசலாகப் படித்தவன். தப்பு என் வினாத்தாளில் இருந்தது.

அந்த நாட்களில் நான் போட்ட தாளைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோடிட்ட இடம் நிரப்ப 20, வாக்கியத்தை மாற்றி எழுத 20, வகுப்பில் நடத்திய பத்தியிலிருந்தே கேள்வி பதில் 20, நடத்திய பத்தியையே மொழிபெயர்க்க 20, கடிதம் 20. விடைக்குறிப்பு கையில் இருந்தால் ஜெர்மனே தெரியாத ஒருவர்கூட முக்கால்வாசித் தாளைத் திருத்திவிடலாம். கடிதம் மட்டும் மாணவர்களின் சொந்தச் சரக்கு என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிறந்தநாளுக்கு நண்பனை அழைத்து எழுதச் சொன்னால் 60 தாளிலும் ஒரே சனிக்கிழமை, ஒரே வெயில், ஒரே 'நீ கட்டாயம் வரவேண்டும்'. ஓர் ஆண்டு கேள்வியைத் திருப்பிப் போட்டு, வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்து எழுதச் சொன்னேன். 11 பேர் அப்போதும் பிறந்தநாளுக்கு அழைத்திருந்தார்கள். அந்த 11 தாளையும் திருத்தும்போது வந்த கோபம் அவர்கள்மேல் வந்த கோபம் இல்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

இது நம்மிடம் மட்டும் இருக்கிற குறை என்று அந்தத் தந்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் ஜான் கேரல் என்கிற உளவியலாளர் 1967-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் போன்ற மொழிகளையே முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் முடிக்கப்போகிற மாணவர்களை 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் சோதித்துப் பார்த்தார். அந்த நாட்டு வெளியுறவுப் பணியில் மொழித்திறனை 0 முதல் 5 வரை அளக்கிற ஓர் அளவுகோல் உண்டு. 2 என்றால் அன்றாடக் காரியங்களைச் சமாளிக்கலாம், 3 என்றால் தொழில்முறையில் பேசலாம். கேட்பதிலும் பேசுவதிலும் நடுத்தர மாணவர் நின்ற இடம் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே. மொழியையே முதன்மைப் பாடமாகப் படித்தவர்கள் கதை இது. அந்த மொழி பேசும் நாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவர்கள் மட்டும் தெளிவாக முன்னால் இருந்தார்கள்.

சரி, ஒரு மொழி 'தெரியும்' என்றால் என்ன? ஐரோப்பாவில் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற அமைப்பு 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோலில் ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். ஒவ்வொரு படியும் 'இதைச் செய்ய முடியும்' என்ற வாக்கியங்களால் ஆனது. இன்ன இலக்கணம் முடித்திருக்க வேண்டும் என்று அதில் இருக்காது. தன் வீட்டைப் பற்றி எளிய வாக்கியங்களில் சொல்ல முடியும், பயணத்தில் வருகிற சிக்கல்களைப் பேசிச் சமாளிக்க முடியும், இப்படிப் போகும். அந்த வாக்கியங்களை அறைக்குள் உட்கார்ந்து சில அறிஞர்கள் மட்டும் எழுதிவிடவில்லை. 1990-களில் சுவிட்சர்லாந்தில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களை இந்த வாக்கியங்களைக் கொண்டு மதிப்பிட, எந்த வாக்கியம் எந்தப் படியில் வரும் என்று புள்ளியியல் முறைப்படி வரிசைப்படுத்தினார்கள். எனக்கு அதில் பிடித்ததே அதுதான், வகுப்பறையில் நிற்கிறவர்களின் கண் அதில் இருக்கிறது.

நம் மாணவர்கள் வாயில் இந்தப் படிகள் என்ன பாடு படுகின்றன என்பது வேறு கதை. "மேம், நான் பி1 முடிச்சிட்டேன்" என்று வந்து நிற்பார்கள். என்னப்பா அர்த்தம் என்று கேட்டால், பி1 என்று அட்டையில் போட்ட புத்தகத்தின் கடைசிப் பாடம்வரை வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தம். வகுப்பு முடிவது வேறு, படி ஏறுவது வேறு. அதோடு ஒருவர் எல்லாத் திறனிலும் ஒரே படியில் நிற்பது அபூர்வம். வாசிப்பில் பி1, கேட்பதில் ஏ2, பேசுவதில் ஏ1 என்று ஏறுமாறாகத்தான் இருப்பார்கள். என் 94 பையன் அப்படித்தான். நான்கையும் கூட்டி ஒற்றை எண்ணாகத் தருகிற நிமிடத்தில் அவனைப் பற்றிய உண்மை காணாமல் போய்விடுகிறது.

வெளித் தேர்வுகள் இதை எப்படிக் கையாளுகின்றன என்று பாருங்கள். பிரெஞ்சுக்கான டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25. மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் எந்த ஒன்றிலும் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். ஜெர்மனுக்கான கோதே நிறுவனத்தின் பி1 தேர்வு இன்னும் கறார். நான்கும் நான்கு தனிப் பகுதி, ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு வேண்டும். எழுத்தில் கொட்டிக் குவித்ததைக் கொண்டுபோய்ப் பேச்சில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியாது. எதிர்ப்பக்கமும் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி 1984 முதல் நடக்கிறது. 2010 முதல் என்5-இலிருந்து என்1 வரை ஐந்து படி. அத்தனையும் தேர்ந்தெடுத்துக் குறிக்கிற கேள்விகள். பேசவோ எழுதவோ வேண்டியதே இல்லை. வாசிப்பையும் கேட்பதையும் அது நன்றாகவே அளக்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உயர்படியான என்1 சான்றிதழ் வைத்திருக்கிற ஒருவரை அந்தத் தேர்வு ஒரு முறைகூட வாயைத் திறக்கச் சொன்னதில்லை என்பது, அந்தச் சான்றிதழை நம்பி ஆள் எடுக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஏன் கல்லூரிகளில் வாய்மொழித் தேர்வை ஒழுங்காக வைப்பதில்லை என்று கேட்டால், ஆசிரியர் கூட்டங்களில் இரண்டு பதில் வரும். நேரம் இல்லை என்பது ஒன்று. பேச்சுக்கு மதிப்பெண் போடுவது ஆளுக்கு ஆள் மாறும், எழுத்து என்றால் நியாயமாக இருக்கும் என்பது இன்னொன்று.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்குச் சொந்தக் காயம் இருக்கிறது. எழுத்து நியாயமானது என்கிற நம்பிக்கையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஃபிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்கிற பொருளியல் அறிஞர் ஆட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு லத்தீன் உரைநடைத் தாளைத் திருத்த 28 பேரிடம் கொடுத்தார். எல்லாரும் அனுபவசாலிகள். 45-இலிருந்து 100 வரை மதிப்பெண் வந்தது. ஒரே தாள்! அதுவும் ஒரு வெளிமொழித் தாள்தான் என்பதைக் கவனியுங்கள்.

பேச்சும் அப்படித்தான், நான் விதிவிலக்கு இல்லை. மதிப்பெண்ணோடு வாய்மொழித் தேர்வு வைக்கத் தொடங்கிய முதல் ஆண்டு எல்லாவற்றையும் பதிவு செய்து வைத்தேன். இரண்டு மாதம் கழித்து, முன்பு போட்ட மதிப்பெண்ணை மூடி வைத்துவிட்டு, பத்துப் பதிவுகளைத் திரும்பக் கேட்டு மறுபடி 20-க்கு மதிப்பெண் போட்டேன். நான்கு பேருக்கு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஒரு பையனுக்கு முதலில் 9 போட்டிருந்தேன், இப்போது 14. அப்படி என்ன நடந்தது என்று வரிசையை எடுத்துப் பார்த்தேன். வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிற பெண்ணுக்கு அடுத்ததாக அவன் உள்ளே வந்திருக்கிறான். அவள் பேசியது என் காதில் இருக்கும்போதே இவன் பேசியிருக்கிறான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். பட்டியல் எப்போதோ போய்விட்டது, திருத்த வழியில்லை. இதை எழுதும்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அதனால் பேச்சுத் தேர்வை விட்டுவிடலாமா? எங்கள் துறையில் நாங்கள் வேறு மாதிரி செய்தோம். அறையில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் மட்டும் பேசுவார். மற்றவர் ஓரமாக உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கட்டம் போட்ட தாளில் மதிப்பெண் போடுவார். கேட்ட காரியம் நடந்ததா, தட்டுத் தடங்கல் எவ்வளவு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு புரிகிறதா என்று ஐந்து கட்டம். இலக்கணத்துக்கு அதில் ஒரே ஒரு கட்டம்தான் என்று வைக்கவே எனக்கு இரண்டு ஆண்டு வாக்குவாதம் செய்ய வேண்டியிருந்தது. தேர்வுக்கு முதல் நாள் பழைய பதிவுகள் நான்கைப் போட்டு, எல்லாரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு ஏன் உனக்கு 12, எனக்கு 16 என்று சண்டை போடுவோம். அந்தச் சண்டைதான் முக்கியம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் எங்களுக்குள் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வருவது அரிதாகிவிட்டது.

நேரத்துக்கு வருகிறேன். 60 மாணவர்கள். ஒரு எழுத்துத் தாள் திருத்த 15 நிமிடம் என்றால் 15 மணி நேரம். மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார்த்தி, ஒரு ஜோடிக்கு 15 நிமிடம் கொடுத்தால் ஏழரை மணி நேரம். ஆசிரியர் இரண்டு பேர் என்பதால் இரட்டிப்பு, அதே 15 மணி நேரம். அவ்வளவுதான் கணக்கு. ஜோடியாகப் பேச வைப்பது என் கண்டுபிடிப்பு இல்லை, கோதே பி1-இல் அப்படித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ ஒன்றைத் திட்டமிட வேண்டும், ஆளுக்கொரு தலைப்பில் சிறிது பேச வேண்டும், ஒருவர் பேசியதைப் பற்றி மற்றவர் கேட்க வேண்டும். இதில் ஓர் ஆபத்து உண்டு. வாயாடி ஒருவரும் வாயில்லாப் பூச்சி ஒருவரும் ஜோடியாக வந்துவிட்டால் இரண்டாமவர் பாடு திண்டாட்டம். அந்த மாதிரி சமயத்தில் பேசுகிற ஆசிரியர் குறுக்கே புகுந்து, "நீ சொல்லும்மா, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆக்ட்ஃபில் என்ற மொழி ஆசிரியர்கள் அமைப்பு நடத்துகிற வாய்மொழி நேர்காணலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். 10 முதல் 30 நிமிடம் போகிற உரையாடல் அது. முதலில் லேசாகப் பேசிக் கூச்சத்தைப் போக்குவார்கள். பிறகு கேள்வியைப் படிப்படியாக ஏற்றுவார்கள், எந்த இடத்தில் மொழி கைகொடுக்காமல் போகிறதோ அதுவரைக்கும். அதோடு கதவைக் காட்டிவிட மாட்டார்கள். திரும்ப எளிய பேச்சுக்கு இறக்கிக் கொண்டுவந்து, வெளியே போகும்போது பேச முடிந்தவராகவே அனுப்பிவைப்பார்கள். எங்கே தடுக்குகிறது என்று தெரியாமல் ஒருவரின் படியைச் சொல்ல முடியாது. தடுக்கி விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டால் அடுத்த முறை அவர் வரவே மாட்டார். இரண்டையும் ஒரே உரையாடலில் சமாளிக்கிற இந்த வித்தை எனக்குக் கைவர நாளாயிற்று.

இன்னொன்று. 'நோஹ் ஐன்மால், பிட்டெ' (இன்னொரு தடவை சொல்லுங்கள்) என்று கேட்கிற மாணவருக்கு நான் மதிப்பெண் குறைத்துக்கொண்டிருந்தேன், புரியவில்லை என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு. எவ்வளவு பெரிய அநியாயம். புரியாதபோது அந்த மொழியிலேயே கேட்கத் தெரிவதுதான் வெளியூரில் ஒருவரைக் காப்பாற்றும். அதைக் கேட்பதற்குப் பிற்பாடு என் கட்டத்தில் கூடுதல் மதிப்பெண்ணே வைத்தேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வேதாகமத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு சம்பவம் வரும். ஆற்றுத் துறையைக் கடக்க வந்தவர்களை ஒரு சொல்லைச் சொல்லச் சொல்லி, முதல் எழுத்தை அவர்கள் ஊர்ப் பாணியில் உச்சரித்தவர்களைக் கொன்றுபோட்டார்கள். உலகின் முதல் மொழித் தேர்வு என்று அதை எங்கள் தொழிலில் பாதி விளையாட்டாகச் சொல்வார்கள். நாமும் குறைந்தவர்கள் இல்லை, ழகரம் வராதவரைத் தமிழே தெரியாதவராகத்தான் பார்க்கிறோம். ஜெர்மனில் மேலே இரட்டைப் புள்ளி வைத்து எழுதுகிற உயிரொலிகளை ஊம்லவுட் என்பார்கள். அதே கண்ணோடு என் மாணவனின் ஊம்லவுட்டை எடைபோடுவது என்ன நியாயம்? ஐரோப்பிய அளவுகோலின் பழைய வடிவத்திலேயே உச்சரிப்புப் பகுதி தாய்மொழிக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. 2018-க்குப் பிந்தைய புது வடிவத்தில் அதை மாற்றி, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை முதன்மையாக வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதிலும் கல்லூரிகளுக்குக் கணக்கு இல்லை. எல்லா மொழிக்கும் ஒரே நான்கு செமஸ்டர், ஒரே மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லித்தர சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் என்று வைத்திருக்கிறது, ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். தமிழுக்கு சுமார் 1,100 என்று அந்தப் பட்டியலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அது ஆங்கிலக்காரர்களை வைத்துப் போட்ட கணக்கு. ஜப்பானிய மொழி கற்பிக்கிற என் தோழி சொல்வாள், வினைச்சொல் கடைசியில் வருவதையும் பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டுவதையும் தமிழ் மாணவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை என்று. "தோக்யோ எ இகிமாஸ்" என்றால் "டோக்கியோவுக்குப் போகிறேன்", சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்துவிடும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில்தான் வண்டி நின்றுவிடும். அதனால் அவள் மாணவர்கள் பேச்சில் ஒரு படி மேலேயும் வாசிப்பில் ஒரு படி கீழேயும் இருப்பார்கள், என் ஜெர்மன் மாணவர்களுக்கு நேர்மாறாக. இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரி எழுத்துத் தாளை வைத்தால் அவளுடைய மாணவர்கள்தான் மட்டமானவர்கள் என்று முடிவாகிவிடும்.

வீட்டில் எழுதிக்கொண்டு வருகிற கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றிச் சுருக்கமாக. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் ஒரு பையன் கொண்டுவந்த கட்டுரையில் நானே யோசித்துத்தான் எழுதுகிற மாதிரி வாக்கியங்கள். நடுவில் 'யேடென்ஃபால்ஸ்' என்று ஒரு சொல். எது எப்படியோ என்கிற மாதிரி பொருள். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றேன். சிரித்தான். "கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தது மேம்" என்றான், ஒளிவுமறைவே இல்லாமல். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து கட்டுரையை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூன்று நிமிடம் அதைப் பற்றிப் பேசச் சொன்னேன். யார் உதவியோடு எழுதினாலும் எனக்குக் கவலை இல்லை. மூன்று நிமிடம் பேச வந்தால் அது அவனுடைய கட்டுரை.

வாய்மொழித் தேர்வுக்கு மொத்தத்தில் 30 மதிப்பெண் என்று ஒதுக்கிய ஆண்டில் நான் பாடம் நடத்துகிற முறையில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஆனால் மாணவர்கள் மாறினார்கள். வராந்தாவில் தப்பும் தவறுமாக ஜெர்மன் கேட்கத் தொடங்கியது. தேர்வுக்கு வராததை யார் படிப்பார்கள், வருவதை யார் படிக்காமல் இருப்பார்கள்? மகளைப் பற்றி எழுதிய அந்தத் தந்தை கல்லூரியில் போய்க் கேட்க வேண்டியதும் இதைத்தான்: மதிப்பெண் பட்டியலில் பிரெஞ்சு என்று ஒரே ஒரு எண்ணைப் போடாதீர்கள், கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கோடு கிழியுங்கள். பேசுதல் என்ற கட்டத்துக்குள் ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டும் என்றால், யாராவது ஒருவர் அவளைப் பேசச் சொல்லித்தானே ஆகவேண்டும்?

அந்த 94 பையன் கடைசி செமஸ்டரில் எங்கள் புது முறைப்படி தேர்வுக்கு வந்தான். நான் பேசுகிறவள், சக ஆசிரியர் ஓரத்தில். வேண்டுமென்றே அதே ரயிலைத் தவறவிட வைத்தேன், கொஞ்சம் வேகமாகச் சொல்லி. "நோஹ் ஐன்மால், பிட்டெ" என்றான். நிதானமாகத் திரும்பச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டான், அடுத்த ரயில் அரை மணியில் இருக்கிறது என்றான், "இஷ் கோமே மிட் டேர் ட்ஸூக்" என்று முடித்தான். ரயிலில் வருகிறேன் என்று பொருள். 'மிட்' என்ற முன்னிடைச் சொல்லுக்குப் பிறகு 'டேர்' மாறி 'டெம்' வரவேண்டும். டாட்டிவ். தாளில் இருபதுக்கு இருபது வாங்கிய அதே டாட்டிவ். தப்பாகச் சொன்னது அவனுக்குத் தெரிந்த மாதிரியே தெரியவில்லை, நண்பன் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதில் மும்முரமாக இருந்தான். அவன் போனபின் சக ஆசிரியரின் தாளை எட்டிப் பார்த்தேன். 20-க்கு 15 போட்டிருந்தார். நானும் அதுதான் போட்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஜெர்மன் ஆசிரியை ஒருவர்